புதிய ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாறும்போது ‘டொக்’ சத்தம்: எது இயல்பு, எது கோளாறு, எப்படிக் கண்டுபிடிப்பது?

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களில் ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்களில் பலர் அடிக்கடி மலையேறிக் கேரளத்தின் இடுக்கிப் பக்கம் போய்வருகிறவர்கள். ஏலத்தோட்டம், வியாபாரம், உறவினர் வீட்டு விசேஷம் என்று வண்டன்மேட்டுக்கும் நெடுங்கண்டத்துக்கும் குமுளிக்கும் போய்வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்தவர்களுக்குக் கிளட்ச் இல்லாத வண்டி பெரிய உதவி. அப்படி ஆசையாக எடுத்த வண்டியில் முதல் வாரத்திலேயே, லீவரை நகர்த்தும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் மனம் பதறத்தான் செய்யும். மேனுவல் வண்டியில் கியர் போட்டது நம் கை என்பதால் அதன் சத்தம் நமக்குப் பழகியிருக்கும். இங்கோ நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வண்டி தானாக ஏதோ செய்து சத்தம் எழுப்புகிறது.

பலர் உடனே மெக்கானிக்கிடம் போய் “டொக்னு கேக்குதுண்ணே” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் சொல்ல முடியாது. சத்தம் எப்படிக் கேட்கிறது என்பதைவிட, எந்த நொடியில் கேட்கிறது என்பதே நமக்கு வழிகாட்டும். நின்ற வண்டியில் லீவரை நகர்த்தும்போதா, ஓடும் வண்டி தானாகக் கியர் மாற்றும்போதா, பிரேக்கை அழுத்தும்போதா, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தப் பிரிவின்படியே போகிறது.

உங்கள் வண்டியில் எந்த வகை கியர்பாக்ஸ்?

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றில் இயல்பான சத்தம் இன்னொன்றில் கோளாறாக இருக்கும் என்பதால், உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் மேலே போகக் கூடாது.

ஏஎம்டி என்பது உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியரைத் தள்ளுவதையும் நமக்குப் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர் (தானாக இயக்கும் கருவி) செய்கிறது. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த பிறகு இந்தியாவில் விலை குறைந்த கார்களில் பரவியது இந்த வகையே. பெரும்பாலான ஏஎம்டி வண்டிகளின் லீவரில் ‘பி’ (பார்க்கிங்) என்ற நிலையே கிடையாது. ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்; சில வண்டிகளில் ஏ), எம் (மேனுவல்) மட்டும் இருக்கும். கியர் மாறும் நேரத்தில் இழுவை ஒரு நொடி அறுந்து மீண்டும் வருவதும், தலை லேசாக முன்னே ஆடுவதும், காலுக்கருகில் மெல்லிய ‘டக்’ கேட்பதும் இதன் பிறவிக் குணம். சில மாடல்களில் டிரைவர் கதவைத் திறந்தவுடனே, கீ போடுவதற்கு முன்பே, ‘ஊஊங்’ என்று மோட்டார் ஓடும்; ஹைட்ராலிக் பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒலி அது.

டார்க் கன்வெர்ட்டர் வகையில் என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெயே இணைக்கிறது. மாருதி பிரெஸ்ஸா, மஹிந்திரா தார், ஸ்கார்பியோ-என் போன்ற வண்டிகளின் ஆட்டோமேட்டிக் இந்த வகை. ஓட்டத்தில் இதுதான் மிகவும் மிருதுவானது. ஆகவே ஓடும்போது இதில் கேட்கும் பலத்த ‘டொக்’ சந்தேகத்துக்கு உரியது. சிவிடியில் பல் சக்கரப் படிகளுக்குப் பதிலாக விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகளும் ஓர் இரும்புப் பெல்ட்டும் உள்ளன. மாறுவதற்குப் படியே இல்லாததால், ஓடும்போது கியர் மாறும் சத்தம் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. நின்ற நிலையில் டி, ஆர் போடும்போது மட்டும் லேசான அசைவு இருக்கலாம்.

நான்காவது டிசிடி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச் என்று இரண்டு உண்டு. அடுத்த கியரை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வதால் வேகத்தில் வெண்ணெய் போல ஓடும். ஆனால் ஊர்ந்து செல்லும் வேகத்தில், குறிப்பாக இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது, ‘கடக்’ என்று ஒரு சத்தம் தருவது இதன் வழக்கம். உலர் கிளட்ச் உள்ள ஏழு வேக டிசிடிகளில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

‘பி’யிலிருந்து எடுக்கும்போது வரும் பலத்த சத்தம்

மலையடிவாரத்திலும் மலையிலும் வண்டி நிறுத்துகிறவர்களிடமிருந்து வரும் புகார்களில் பல இதைப் பற்றியவை என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

‘பி’யில் போட்டால் சக்கரங்களில் எந்தப் பிரேக்கும் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸுக்குள், சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் தண்டில் ஒரு பல் வளையம் இருக்கிறது. ‘பி’க்குக் கொண்டுபோனவுடன் விரல் கனத்திலான ஓர் இரும்புக் கொக்கி அந்த வளையத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே விழுந்து நிற்கும். அவ்வளவுதான் அந்தப் பூட்டு. சமதரையில் அந்தக் கொக்கியின் மேல் எந்தப் பாரமும் இல்லை. குமுளி போன்ற சரிவான கடைத்தெருவில், ஹேண்ட் பிரேக் இழுக்காமல் ‘பி’யில் மட்டும் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கொக்கி, பல்லின் நடுவில் சரியாக விழாதபோது வண்டி இரண்டு மூன்று அங்குலம் உருண்டு, பல் கொக்கியில் முட்டி நிற்கும். ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட வண்டி, உள்ளே இருக்கும் ஆட்கள், டிக்கியில் இருக்கும் மூட்டை எல்லாவற்றின் சரிவுப் பாரமும் இப்போது அந்தச் சிறு கொக்கியின் மேல் சாய்ந்திருக்கிறது. திரும்பி வந்து லீவரை இழுக்கும்போது, காற்று அழுத்திக்கொண்டிருக்கும் கதவின் தாழ்ப்பாளை உருவுவது போல, கொக்கி இறுகி நின்று பிறகு ஒரே துள்ளலில் விடுபடுகிறது. அடியில் ‘டமார்’ என்று கேட்பது அதுதான். லீவரும் கையில் கனமாக இருக்கும்.

இதில் வண்டியின் குறை எதுவும் இல்லை. ஆனால் தினமும் இப்படியே நிறுத்தி எடுத்தால் கொக்கியும் பல் வளையமும் தேய்ந்து, பின்னொரு நாள் உண்மையான கோளாறாக மாறக்கூடும். சரியான முறை எளியது. வரிசை தவறாமல் செய்ய வேண்டும்.

நிறுத்தும்போது, கால் பிரேக்கை முழுவதும் அழுத்தி வண்டியை நிறுத்துங்கள். லீவரை ‘என்’னுக்குக் கொண்டுபோங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். பட்டன் வகையானால் விளக்கு எரிவதைப் பாருங்கள். இப்போது கால் பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். வண்டி ஒரு விரற்கடை அசைந்து ஹேண்ட் பிரேக்கில் அமர்ந்து நிற்கும். மீண்டும் கால் பிரேக்கை அழுத்தி, அதன் பிறகு ‘பி’ போட்டு, என்ஜினை நிறுத்துங்கள். பாரம் முழுவதும் பின் சக்கரப் பிரேக்கில் இருக்கும். கொக்கி வெறும் காவலாக மட்டும் நிற்கும். எடுக்கும்போது, பிரேக்கை அழுத்தி ஸ்டார்ட் செய்து, முதலில் ‘பி’யிலிருந்து ‘டி’க்கோ ‘ஆர்’க்கோ மாற்றிவிட்டு, கடைசியாக ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பலர் பழக்க தோஷத்தில் முதலில் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுப் பிறகு லீவரைத் தொடுகிறார்கள். அப்போது காலைச் சற்றுத் தளர்த்தினாலும் பாரம் கொக்கியின் மேல் சாய்ந்துவிடும். நிறுத்தும்போது செய்ததெல்லாம் வீணாகும். கடுமையான சரிவானால் வண்டி உருண்டால் ஓரக் கல்லில் முட்டி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைப்பதையும், ஒரு கட்டையோ கல்லோ முட்டுக்கொடுப்பதையும் விடாதீர்கள். நம் மலை ஓட்டுநர்கள் ஜீப் காலத்திலிருந்து செய்துவரும் பழக்கம் அது; ஆட்டோமேட்டிக் வந்ததால் அதன் அவசியம் போய்விடவில்லை.

இந்த வரிசையை ஒரு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய வேலையே இல்லை. சமதரையிலும் அதே பலத்த சத்தம் வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஏஎம்டி வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. உங்களுக்கு ‘பி’ இல்லாததால், ஹேண்ட் பிரேக் போட்ட பின், மேட்டை நோக்கி நின்றால் ‘டி’யிலும் பள்ளத்தை நோக்கி நின்றால் ‘ஆர்’இலும் வைத்து என்ஜினை நிறுத்த வேண்டும், கியர் விழுந்தபடியே இருக்கும். ‘என்’னில் விட்டுவிட்டு இறங்குவது மலையில் ஆபத்து.

நின்றபடி ‘டி’, ‘ஆர்’ மாற்றும்போது

அதிகாலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் என்ஜின் சற்று வேகமாகச் சுழலும். வழக்கமாக 700, 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) நிற்க வேண்டிய முள் அப்போது 1,200-க்கும் மேலே நிற்கும். அந்த வேகத்திலேயே ‘டி’ போட்டால், சுழலும் என்ஜினோடு நின்றிருக்கும் சக்கரங்கள் திடீரென்று இணைக்கப்படுவதால் வண்டி ஓர் அதிர்வோடு ‘தட்’ என்று அசையும். மேகமலை, மூணாறு பக்கம் இரவு தங்கிவிட்டுக் காலையில் வண்டி எடுப்பவர்கள் இதை அதிகம் கவனித்திருப்பார்கள். முள் கீழே இறங்கும்வரை, சுமார் அரை நிமிடம், பொறுத்திருந்து பிறகு கியர் போடுங்கள். ஏசி ஓடும்போதும் ஐடிலிங் (நின்ற வண்டியில் என்ஜின் சுழலும் வேகம்) சற்று உயரும் என்பதால், ஏசியை அணைத்தும் ஒரு முறை சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்தது, திருப்பும் இடத்தில் நாம் காட்டும் அவசரம். குறுகிய சாலையில் எதிரே பஸ் வந்து நிற்க, பின்னால் ஹாரன் அடிக்க, வண்டி பின்னோக்கி உருண்டுகொண்டிருக்கும்போதே ‘ஆர்’இலிருந்து ‘டி’க்குத் தள்ளிவிடுகிறோம். உருளும் வண்டியை எதிர்த்திசையில் நிறுத்தும் வேலை முழுவதும் கியர்பாக்ஸின் உள் கிளட்சுகள் மேல் விழுகிறது. சக்கரம் முற்றிலும் நின்ற பிறகு, பிரேக்கில் கால் இருக்கும்போதே மாற்றி, வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து கியர் பிடித்ததை உணர்ந்த பின்பே பிரேக்கை விட வேண்டும்.

பின் சக்கர இழுவை உள்ள பெரிய வண்டிகளில் என்ஜினிலிருந்து பின் ஆக்சில்வரை நீண்ட ஷாஃப்ட் உண்டு. அதில் உள்ள கிராஸ் (ஷாஃப்டை மடங்கவிடும் இணைப்பு), டிஃபரென்ஷியல் பற்கள், வழுக்கு இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை இடைவெளி வைத்தே கட்டியிருப்பார்கள். ‘டி’யிலிருந்து ‘ஆர்’க்கு மாறும்போது இந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபக்கம் மூடுவதால் ஒரு மெல்லிய ‘டிக்’ பிறக்கும். ஒரே ஒரு முறை, மிதமாக, எப்போதும் ஒரே அளவில் கேட்டால் கவலை வேண்டாம். நாளுக்கு நாள் பலத்தாலோ, இரட்டைச் சத்தமாக மாறினாலோ காட்ட வேண்டும். ஃபோர் வீல் லீவர் உள்ள மஹிந்திரா தார் போன்ற வண்டிகளைக் காய்ந்த தார்ச் சாலையில் ‘4ஹெச்’இல் (நான்கு சக்கர இழுவை) ஓட்டி, வளைவில் திருப்பும்போது கேட்கும் முறுக்குச் சத்தத்துக்கும் கியர்பாக்ஸ் காரணமாகாது, தார்ச் சாலையில் ‘2ஹெச்’இல் (இரண்டு சக்கர இழுவை) ஓட்டினால் அது போய்விடும்.

சமதரை, சூடான என்ஜின், முழுமையாக நின்ற வண்டி, இறங்கிய ஐடிலிங் எல்லாம் சரியாக இருந்தும், ‘டி’ போடும்போது பலமாக ‘டங்’ என்று உலோகச் சத்தம் வந்தால் என்ஜின் மவுண்டைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜினும் கியர்பாக்ஸும் வண்டியின் உடலில் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மவுண்ட் கிழிந்திருந்தாலோ, அதன் போல்ட் சரியாக முறுக்கப்படாமல் விடுபட்டிருந்தாலோ, கியர் விழும் இழுப்பில் என்ஜின் துள்ளி மோதும். புதிய வண்டியில் இது அரிது. ஆனாலும் சோதிப்பது எளிது.

இருவர் தேவை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கதவை மூடி, கால் பிரேக்கை முழுவதும் அழுத்தியபடி இருக்கட்டும். மற்றவர் பானெட்டைத் திறந்துவிட்டு வண்டியின் பக்கவாட்டில், முன் சக்கரத்துக்கு அருகில் நிற்க வேண்டும். வண்டியின் முன்னாலும் பின்னாலும் ஒருவரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கவே கூடாது. உள்ளே இருப்பவர் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ‘என்’னிலிருந்து ‘டி’க்கும், மூன்று வினாடி பொறுத்து ‘என்’னுக்கும், பிறகு ‘ஆர்’க்கும் மாற்றட்டும். வெளியே நிற்பவர் என்ஜின் மேல்மூடியையும் அதன் அருகே அசையாமல் இருக்கும் ஏதேனும் ஒரு பாகத்தையும் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு ஆடுகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் சற்றே சாய்ந்து அமைதியாக நிற்பது இயல்பு. வெடுக்கென்று எழும்பி, சத்தத்தோடு விழுந்தால் மவுண்டைப் பரிசோதிக்கச் சொல்லலாம். இதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடப் பேச்சைவிட இந்தப் படம் உதவும்.

ஓடும்போது தானாக மாறும் நேரத்தில்

போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள் எந்த ஆட்டோமேட்டிக் வண்டியையும் சோதிக்கும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழுகிறது, வண்டி இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது, வளைவு முடிந்தவுடன் ஆக்சிலேட்டரை அழுத்துகிறோம், மீண்டும் இரண்டுக்கு ஏறுகிறது. ஏஎம்டியும் டிசிடியும் இந்த இடத்தில்தான் ‘கடக், கடக்’ என்று அடிக்கடி ஒலிக்கும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே மேனுவல் நிலைக்கு மாற்றி, சரிவின் கடுமைக்கு ஏற்ப ஒன்றிலோ இரண்டிலோ பிடித்துக்கொண்டால் இந்த ஊசலாட்டம் நின்றுவிடும். இறங்கும்போதும் அதே கியரில் பிடித்தால் என்ஜின் வண்டியைத் தாங்கும், பிரேக் சூடேறாது. மேனுவல் நிலை இல்லாத வண்டியில் பெரும்பாலும் ‘எல்’ (லோ) அல்லது ‘எஸ்’ (ஸ்போர்ட்) இருக்கும். இறக்கத்தில் அதைப் பயன்படுத்துங்கள்.

ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் நிறுத்தும் பழக்கம் ஏஎம்டிக்கும் டிசிடிக்கும் பெரும் கேடு. கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடாகும். சூடேறிய கிளட்ச் முரட்டுத்தனமாகப் பிடிக்கும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு கியர் மாற்றமும் குலுங்கும். மீட்டரில் வெப்ப எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, ‘பி’யிலோ ‘என்’னிலோ போட்டு, என்ஜினை ஓடவிட்டு ஆற விடுங்கள்.

புதிய வண்டிக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது, எவ்வளவு எண்ணெய் அழுத்தம் கொடுத்தால் மிருதுவாக இணைகிறது என்பதைக் கியர்பாக்ஸின் கணினி ஓட்டத்திலேயே அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மாற்றங்கள் முரடாகவும் சில மிருதுவாகவும் இருப்பது இதனால்தான். நாளாக ஆகக் குறைய வேண்டும். குறையாமல் நின்றாலோ கூடினாலோ, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் இணைத்துக் கிளட்ச் அளவுகளை மீண்டும் பதிவு செய்யச் சொல்லலாம், புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்றும் கேட்கலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு திடீரென்று முரடாகிவிட்டது என்றால், சில மாடல்களில் கற்றுவைத்த அளவுகள் அழிந்திருக்கும். மறுபதிவு செய்தால் சரியாகும்.

கியர்பாக்ஸின் மேல் வீண்பழி சுமத்தும் சத்தங்கள்

பின்னோக்கி எடுத்துவிட்டு முன்னோக்கி நகர்ந்து, முதல் முறை பிரேக்கை அழுத்தும்போது ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் அது பிரேக் பேட். பேட் தன் தாங்கியில் சற்று நகர்வதற்கு இடம் வைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. திசை மாறும்போது அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளப்படுகிறது. இரண்டாம் முறை பிரேக் போடும்போது அந்தச் சத்தம் வராது என்பதே இதன் அடையாளம். கியர் மாற்றிய சிறிது நேரத்தில் கேட்பதால் கியர்பாக்ஸ் என்று எண்ணிவிடுகிறோம்.

‘டி’ போட்டவுடனோ, சற்று வேகமெடுத்தவுடனோ நான்கு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொள்ளும் ஒலியும், ‘பி’யில் இருக்கும்போது பிரேக்கை மிதித்தால் லீவருக்கு அடியில் பூட்டு விடுபடும் ‘கிளிக்’கும் வண்டிக்குப் புதியவர்களைத் திடுக்கிட வைப்பவை. பெட்ரோல் டேங்க் பாதி நிறைந்திருக்கும்போது, நிறுத்தியவுடன் பின் இருக்கைக்கு அடியில் ‘குளுக்’ என்று கேட்பது எரிபொருள் அலைமோதுவது. டிக்கியின் அடித்தட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை இறுக்கும் திருகும் ஜாக்கியும் ஸ்பேனரும் ஆடாமல் இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். தோட்டத்துச் சாலையில் குலுங்கிக் குலுங்கி ஜாக்கி தன் பிடியிலிருந்து தளர்ந்துவிட்டால், ஒவ்வொரு கியர் குலுக்கலுக்கும் அது இரும்பில் தட்டும். அந்தச் சத்தம் உடல் தகடுகளின் வழியே பரவி முன்பக்கமிருந்து வருவது போலவே கேட்கும். எனவே எந்தச் சோதனைக்கும் முன் டிக்கியை முழுவதும் காலி செய்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து நகரும்போது மட்டும் ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து கேட்டால் முன் ஆக்சிலின் சிவி ஜாயின்ட்டையும் (சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் மடங்கும் இணைப்பு) அதன் ரப்பர் உறையையும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கேட்டால் அது சஸ்பென்ஷன். பெரும்பாலும் லிங்க் ராடு.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

‘டி’ அல்லது ‘ஆர்’ போட்டால் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு வினாடிக்கு மேல் ஒன்றுமே நடக்காமல் இருந்து, பிறகு ‘தடார்’ என்று பிடித்தால் அது வெறும் சத்தப் பிரச்சினை ஆகாது. கியர்பாக்ஸ் எண்ணெய் குறைவு, அழுத்தக் குறைவு, வால்வுக் கோளாறு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஓடும்போது என்ஜின் மட்டும் சீறி, வண்டி வேகமெடுக்காமல் இருந்து பிறகு குலுங்கினாலும் அப்படியே. எரிந்த வாடை, மீட்டரில் கியர் அல்லது என்ஜின் எச்சரிக்கை விளக்கு, கியர் எழுத்து மினுக்குவது, ஒரே கியரில் சிக்கிக்கொண்டு மேலே மாறாதது, ‘பி’யில் போட்டும் உருள்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். இரவு நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று காலையில் குனிந்து பாருங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது நிறமற்ற தண்ணீர். விரலில் தொட்டால் வழுவழுப்பும் நிறமும் உள்ளது எண்ணெய்.

இன்றைய கார்களில் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் எண்ணெய் பார்க்கும் குச்சியே கிடையாது. லிஃப்டில் ஏற்றி, எண்ணெய் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது அளவுத் திருகைத் திறந்துதான் பார்க்க முடியும். எனவே சாலையோரப் பட்டறையில் “கொஞ்சம் ஆயில் ஊத்திருவோம்” என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சிவிடிக்கு உரிய எண்ணெய் வேறு, டார்க் கன்வெர்ட்டருக்கு உரியது வேறு, டிசிடிக்கு உரியது வேறு. மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸும் கெடும், வாரண்டியும் போகும்.

மலை நடுவில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இறங்கலாம் என்று உதவிக்கு வருகிறவர்கள் நல்லெண்ணத்தில் சொல்வார்கள். டார்க் கன்வெர்ட்டர் போன்ற பல ஆட்டோமேட்டிக்குகளில் என்ஜின் ஓடினால்தான் உள் பம்ப் ஓடி எண்ணெய் சுற்றும். என்ஜின் நின்றிருக்க, இழுவைச் சக்கரங்கள் தரையில் உருண்டால், உள்ளே பாகங்கள் எண்ணெயின்றி உராயும். வண்டி முழுவதையும் மேலே ஏற்றும் ரெக்கவரி லாரியைத்தான் வரவழைக்க வேண்டும். புதிய வண்டிகளோடு பெரும்பாலும் சாலையோர உதவித் திட்டம் வரும். அந்த எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல், சிக்னல் கிடைக்காத வளைவுகளை நினைவில் கொண்டு, காகிதத்திலும் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்.

சர்வீஸ் சென்டரில் பேச வேண்டியது

புகாரைச் சொல்வதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றும்போது, குளிர்ந்த என்ஜினிலா சூடான என்ஜினிலா, சமதரையிலா சரிவிலா, ஏசி ஓடும்போதா, எத்தனை முறைக்கு ஒரு முறை, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டரில் தொடங்கியது. சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்யும்போது, மீட்டரில் கியர் எழுத்து மாறுவது தெரியும்படி வீடியோவாக எடுத்தால், சத்தமும் நேரமும் சேர்ந்து பதிவாகும். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும்.

காலைக் குளிரில் மட்டும் வரும் சத்தமானால், முந்தைய மாலையே வண்டியை ஒப்படைத்து, மறுநாள் முதல் ஸ்டார்ட்டை டெக்னீஷியன் முன்னிலையில் செய்யச் சொல்லுங்கள். மலையிலிருந்து ஓட்டிக்கொண்டுபோய்ச் சூடான வண்டியைக் காட்டினால் அந்தச் சத்தம் அங்கே வராது. “ஒன்றும் இல்லையே” என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். சரிவில் மட்டும் வருவதானால் சரிவில்தான் காட்ட வேண்டும். “இந்த மாடலில் இப்படித்தான்” என்று சொன்னால், அங்கேயே நிற்கும் அதே மாடல், அதே கியர்பாக்ஸ் உள்ள இன்னொரு வண்டியில் அதே சோதனையைச் செய்து காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு சத்தம் என்றால் மனம் அமைதியாகிவிடும். உங்கள் வண்டியில் மட்டும் கூடுதல் என்றால் பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் பணிச் சீட்டு) உங்கள் புகார் நீங்கள் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். “பொதுச் சோதனை” என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். வாரண்டிக் காலம் முடிந்த பிறகு அதே கோளாறு பெரிதானால், அது வாரண்டிக்குள்ளேயே தொடங்கியது என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று.

எல்லையில் இருப்பவர்களுக்குக் கட்டப்பனையிலோ கோட்டயத்திலோ வண்டி எடுத்துவிட்டுத் தேனியில் சர்வீஸ் விடுவதும், இங்கே எடுத்து அங்கே விடுவதும் சாதாரணம். தயாரிப்பாளரின் வாரண்டி பொதுவாக நாட்டில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட எந்தச் சர்வீஸ் சென்டரிலும் செல்லும்; விற்ற கடைக்கே போக வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் வாரண்டிப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். திரும்பத் திரும்பக் காட்டியும் தீராவிட்டால், தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஜாப் கார்டுகளின் நகல்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வண்டியை மாநிலம் தாண்டி வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பதால், பேச்சிலேயே காலத்தைக் கடத்திவிடாதீர்கள்.

பழுது பார்த்துக் கொடுத்தவுடன் பணிமனை வாசலிலேயே ‘சரியாகிவிட்டது’ என்று கையெழுத்துப் போட்டுவிடாமல், சத்தம் முதலில் வந்த அதே சரிவில், அதே காலை நேரத்தில், அதே அளவு சுமையோடு ஓட்டிப் பாருங்கள். மீண்டும் கேட்டால் அன்றே தெரிவித்து, புதிய ஜாப் கார்டு திறக்கச் செய்யுங்கள்.